தூளி கட்டிய இறகு

திருப்பூரில் எங்கள் சென்னியப்பன் காம்பவுண்டில் வீடு எட்டு, தண்ணீர்த் தொட்டி ஒன்று, துணி காயப்போடும் கொடிக்கயிறு இரண்டு, கோழி ஒன்று. இதில் கயிறுதான் எங்களுக்குள் சண்டை மூட்டியது, கோழிதான் சமாதானம் செய்து வைத்தது, ஆனால் அது சமாதானம் செய்த விதத்தைச் சொன்னால் பனியன் கம்பெனி வேனில் கூட வருகிறவர்களே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்பதால், நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் மூன்றாம் வீட்டு அயர்ன் மாஸ்டர். பொய் சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு, இதில் சொல்லவில்லை.

கோழிக்கு டீச்சர் என்று பெயர். செவலை நிறத்துப் பொட்டைக்கோழி. விடிந்ததும் முதல் வீட்டில் ஆரம்பித்து எட்டாம் வீடு வரைக்கும் ஒவ்வொரு வாசலாக நின்று, தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்து, யார் குளித்தார்கள், யார் இன்னும் பாயைச் சுருட்டவில்லை என்று கணக்கெடுத்துவிட்டு, ஏதாவது ஒரு வாய் போட்டால் தின்றுவிட்டு, போடாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகும். அதை வளர்த்தவள் நாலாம் வீட்டு மாராத்தாள், எங்கள் எல்லோருக்கும் மாராக்கா. புருஷன் போய்ச் சேர்ந்து, மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்துவிட்டு, கம்பெனியிலிருந்து வரும் பனியன் கட்டுகளை வாசலில் குவித்து வைத்துச் சின்னக் கத்தரியால் பிசிறு வெட்டிப் பிழைக்கிறவள். டீச்சர் ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுடைய வேஸ்ட் துணி மூட்டைக்குள் முட்டை போடும். அந்த முட்டையை மாராக்கா விற்கவும் மாட்டாள், தனக்கென்று வைத்துக்கொள்ளவும் மாட்டாள். வீட்டு வரிசைப்படி முறை வைத்துக் கொடுப்பாள், தன் முறை வரும்போது மட்டும் தானும் ஒன்றை வேகவைத்துச் சாப்பிடுவாள்.

புரட்டாசி கடைசியில் முட்டை நின்றுபோனது. அப்போது என் வீட்டு முறை, அதனால் எனக்குத்தான் முதலில் கவலை வந்தது. நான் காங்கேயம் பக்கத்துக்காரன், சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருபது கோழி நின்றது, ஆகவே கோழி விஷயத்தில் இந்தக் காம்பவுண்டில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது, அதனால்தான் முட்டை இல்லை, தண்ணீரில் மூன்று முக்கு முக்கியெடுத்தால் அடை தெளிந்துவிடும் என்று சொன்னேன். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம்.

"அடைக்கு உக்காந்த கோழின்னா பக்கத்துல போனா சிலுத்துக்கிட்டுக் கொத்த வருமுங்க மாஸ்டர்," என்றாள் மாராக்கா. "இது யாரு கையும் படக்கூடாதுன்னு ஒதுங்கி ஒதுங்கியில்ல போகுது. கொண்டைகூட வெளுத்துப் போச்சு."

"எல்லாம் அடை பண்ற வேலைதானுங்க்கா," என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொடிக்கயிற்றுக்காக இரண்டாம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் சண்டை உச்சத்தில் இருந்த நேரம், நான் டீச்சரைப் பிடித்து வாளித் தண்ணீரில் ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை முக்கி எடுத்தேன். அது என் கையை உதறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் நின்றது, எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தது, பிறகு தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது. நாற்பது ஐம்பது இறகு கிளம்பி மேலே போயின. போனவை கீழே வரவில்லை. ஒன்று என் நெற்றிக்கு நேராக, ஒன்று மாராக்கா வீட்டு நிலைக்கு முன்னால், சில இடுப்பு உயரத்தில், சில எட்டாத உயரத்தில் என்று அவையவை போய்ச் சேர்ந்த இடத்திலேயே நின்றுகொண்டன. முகத்தைத் துடைத்த ஈரத்துண்டை நான் ஞாபகமில்லாமல் பக்கத்தில் நின்ற இறகின் மேல் போட்டேன், துண்டு அதில் தொங்கியது. இரண்டாம் வீட்டம்மா சண்டையை நிறுத்திவிட்டு என் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, பாவாடை ஒன்று, சட்டை இரண்டு, போர்வை ஒன்று என்று இறகுக்கு ஒன்றாகக் காயப்போட ஆரம்பித்தாள்.

அன்றோடு எங்கள் காம்பவுண்டில் கொடிச்சண்டை ஓய்ந்தது. எட்டாம் வீட்டுக்காரர் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார், அவர் முதலில் ஒரு பூட்டை மாட்டினார், பிறகு ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை, பிறகு சாக்கில் கட்டி அம்மிக்கல்லையே மாட்டினார், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கழுத்து இறகு அம்மிக்கல்லைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. காற்று அடித்தாலும் நகரவில்லை, ஐப்பசி மழை வந்து நனைத்தாலும் நகரவில்லை. டீச்சர் நாளுக்குப் பத்து, நாளுக்குப் பதினைந்து என்று உதிர்த்துக்கொண்டே போனது, முதலில் தலையும் கழுத்தும், பிறகு நெஞ்சு, பிறகு முதுகு. அது மதில் மேல் ஏறிச் சிலுப்பினால் துணிக்கு ஆயிற்று, கீழே நின்று சிலுப்பினால் செருப்பு மாட்ட ஆயிற்று. அவரவர் வாசலுக்கு நேராக நிற்பது அவரவருக்கு, பொது வழியில் நிற்பது பொது என்று நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். சாப்பாட்டுப் பை, சாவிக்கொத்து, காய்கறிக் கூடை, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் இறகுக்குப் போயின. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் சென்னியப்பன் வழியில் ஒரு இறகில் முட்டிக்கொண்டு, நெற்றியைத் தடவி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு பைப்புல எதையும் தொங்கவுடக்கூடாதுன்னுதானுங்க நான் சொன்னது. இது சீட்டு இல்லியே," என்று சொல்லித் தன் குடையையும் அதிலேயே மாட்டிவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார்.

மாராக்காவுக்கு மட்டும் இதில் சந்தோஷம் இல்லை. நாங்கள் இறகைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் தோல் தெரிய, முதுகு வழுக்கையாக, மூலையில் ஒண்டி நின்ற டீச்சரைக் கூடையில் வைத்துக்கொண்டு அவள் மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள், தண்ணீரில் முக்கிய குற்றத்துக்காக நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கோழியை மேசையில் வைத்து இறக்கையை விரித்துப் பார்க்கும்போது அது ஒரு சின்னச் சிலுப்பு சிலுப்பியது. நோட்டுக்கு மேலே ஓர் இறகு நின்றது. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

"சீக்கு ஒண்ணுமில்லைங்கம்மா. பொழுது சுருங்குற காலத்துல வருசத்துக்கு ஒருக்காப் பழைய இறகைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு கட்டும். முட்டைக்குப் போற சத்தெல்லாம் இப்ப இறகுக்குப் போகுது, ரெண்டு வேலையும் ஒண்ணா அதால முடியாது. மூணு மாசம் முட்டையை எதிர்பார்க்காதீங்க. கருவாட்டுத் தூளு, கடலைப் புண்ணாக்கு குடுங்க. புது இறகு மொளைக்கிறப்ப குருத்துக்குள்ள ரத்தம் ஓடும், அதுல கை பட்டா உசுரு போற மாதிரி வலிக்கும், தொடாம வுட்டுருங்க." பிறகு என்னைப் பார்த்து, "தண்ணியில முக்குனது யாரு?" என்று கேட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த கோமாரித் தடுப்பூசி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இனி இன்பவள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வீடு, புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், என் கம்பெனியிலேயே ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள். புருஷன் லாரிக்காரன், மாதத்தில் இருபது நாள் வெளியூர். கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். பூவிழி என்று பெயர் வைத்தார்கள், அது பெயரைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்த மாதிரி விழியை மூடுவதே இல்லை. பாயில் போட்டால் அழும், மடியில் போட்டால் அழும், கடையில் வாங்கிய ஸ்பிரிங் தொட்டிலில் போட்டால் பக்கத்துக் காம்பவுண்டு வரைக்கும் கேட்கும்படி அழும். சேலையில் தூளி கட்டலாம் என்றால், கூரைச் சீட்டைத் தாங்கும் பைப்பில் கட்டக்கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. காலையில் எட்டு மணி வேனைப் பிடித்து, பகலெல்லாம் மாராக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு, திரும்பி வந்து விடியவிடியத் தோளில் போட்டு நடந்து, மறுபடி எட்டு மணி வேன். வேனில் என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தபடியே தூங்குவாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும், பாவமாக இருக்கிறது என்று சொல்வதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

ஐப்பசி நடுவில் டீச்சருக்கு இறக்கை இறகும் உதிர ஆரம்பித்தது. ஒருநாள் மாலை மதிலிலிருந்து தாவி இறங்கும்போது அதன் வலது இறக்கையின் ஆக நீளமான இறகு கழன்று, மாராக்கா வாசலுக்கு நேரே, ஆள் உயரத்துக்கு ஒரு முழம் மேலே நின்றுவிட்டது. ஓரத்தில் கருப்பு ஓடிய அழகான இறகு. மாராக்கா அதைப் பார்த்தாள், இன்பவள்ளியின் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்த பூவிழியைப் பார்த்தாள், உள்ளே போய்த் தன் பழைய நூல் சேலையை எடுத்து வந்து முக்காலி போட்டு ஏறி அந்த இறகில் தூளி கட்டினாள். பிள்ளையை வாங்கிப் போட்டாள். தூளி இரண்டு ஆட்டம் ஆடியது, மூன்றாவது ஆட்டத்தில் அழுகை நின்றது, நாலாவதில் பிள்ளை தூங்கிப்போனது. மூன்று மணி நேரம் தூங்கியது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் எங்கள் காம்பவுண்டு இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் வாய் இனிக்கிறது. துணி எல்லாம் காய்ந்தது, பிள்ளை தூங்கியது, மாராக்கா ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே பிசிறு வெட்டினாள், இன்பவள்ளியும் தூளிக்குக் கீழே பாயைப் போட்டு மாலையில் ஒரு மணி நேரமாவது கண்ணயர்ந்தாள். மொட்டையாய், வெட்கப்பட்டுக்கொண்டு, டீச்சர் மூட்டைக்குப் பின்னால் கருவாட்டுத் தூள் தின்றது.

கார்த்திகை கடைசியில் என் சாப்பாட்டுப் பை இறங்க ஆரம்பித்தது. காலையில் மாட்டும்போது நெஞ்சு உயரத்தில் இருந்தது, பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் இடுப்புக்கு வந்திருந்தது, சட்டை போட்டு வந்தால் தரையில் உட்கார்ந்திருந்தது. சாதாரண இறகு காற்றில் இறங்கும் அதே நிதானத்தில், அந்த இறகு மாட்டிய பையோடு இறங்கியிருந்தது. மறுநாள் ஐந்தாம் வீட்டுப் போர்வை அதே மாதிரி மெதுவாக இறங்கிச் சாக்கடையில் படுத்தது, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தோம், பார்க்க ஆளில்லை. இரண்டாம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் பழைய பகை லேசாகத் தலைகாட்டியது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மாராக்காதான். தரையில் வந்து விழுந்த இறகுகளைப் பொறுக்கி எடுத்துப் போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாமே கழுத்து இறகு. டீச்சரின் கழுத்தில் முள் முள்ளாய்ப் புதுக் குருத்து கிளம்பி, முனை பிரிந்து, செவலை நிறம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கோழி மேல் ஓர் இறகு முளைத்தால் ஆகாயத்தில் நின்ற அதன் பழைய இறகு இறங்கிவிடும், உதிர்ந்த வரிசையிலேயே முளைக்கும், முளைத்த வரிசையிலேயே இறங்கும். அன்றிலிருந்து மாராக்கா காலையில் டீச்சரைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, டைலர் சாக்பீஸால் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் எழுதி வைப்பாள்: 'இன்று நெஞ்சு. ஈரத்துணி போட வேண்டாம்.' நாங்களும் அதைப் படித்துவிட்டு, நெஞ்சு இறகில் தொங்குவதை முதுகு இறகுக்கு மாற்றுவோம். முதுகுக்கு வந்தபோது இறக்கைக்கும் வாலுக்கும் மாற்றினோம். மழைக்காலத்தில் குடை எடுத்துக்கொள்வதைப்போல அது எங்களுக்குப் பழகிவிட்டது.

ஆனால் தூளி தொங்கியது இறக்கையில்.

மார்கழி பிறந்த வாரம் டீச்சரின் வலது இறக்கையில் குருத்து கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியருகே கூடினோம். ஒரே ஓர் இறகு, அந்தக் குருத்தை மட்டும் பிடுங்கிவிட்டால் அது மறுபடி கிளம்ப ஆறு வாரம் ஆகும், தூளி அதுவரை நிற்கும், பிறகு மறுபடி பிடுங்கிக்கொள்ளலாம், பிள்ளை வளர்ந்துவிடும் என்பது காம்பவுண்டின் பெரும்பான்மை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த யோசனையை முதலில் சொன்னவன் நான். டாக்டரம்மா சொன்னதைக் கூட இருந்து கேட்டவனும் நான்தான்.

இன்பவள்ளி மாராக்காவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "ஒத்த இறகுதானக்கா. மத்ததெல்லாம் அது பாட்டுக்கு மொளைக்கட்டும். இந்தப் புள்ள தூங்கலைன்னா நான் என்ன செய்வேன் சொல்லுங்க."

தூளியை ஆட்டுகிற கையும் மாராக்காவுடையது, கோழிக்குக் கருவாடு பொடிக்கிற கையும் அவளுடையது. அவள் உள்ளே போய் டீச்சரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"என்னால புடுங்க முடியாது அம்மிணி. நான் புடிச்சுக்கறேன், நீ புடுங்கிக்கோ. உன்ற மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றாள்.

இன்பவள்ளி மண்டியிட்டு இறக்கையை விரித்தாள். குருத்து பென்சில் கனத்தில் கருநீலமாக நின்றது, முனையில் மட்டும் ஒரு தூரிகையளவு பிரிந்திருந்தது. இரண்டு விரலால் பிடித்தாள். டீச்சர் கத்தவில்லை, இறக்கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, மாராக்காவின் அக்குளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கியது. நாங்கள் எட்டு வீட்டு ஆட்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்பவள்ளியின் விரல்கள் அப்படியே இருந்தன.

"சூடா இருக்குக்கா," என்றாள். "உள்ள துடிக்குது."

விரலை எடுத்துவிட்டாள். எடுத்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, "எனக்குத் தூங்கணுங்க்கா. வேற ஒண்ணுமே வேணாம், தூங்கணும்," என்று அழுதாள். மாராக்கா ஒரு கையில் கோழியும் ஒரு கையில் அவளுமாக உட்கார்ந்திருந்தாள். நான் போய் டீ வாங்கி வந்தேன், எனக்கு அது ஒன்றுதான் செய்யத் தெரிந்தது.

வியாழக்கிழமை சுவரில் எழுதியிருந்தது: 'இன்று பெரிய இறக்கை.' ஏழு மணிக்கு நான் குளித்துவிட்டு வெளியே வரும்போது தூளி கட்டிய இறகு ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. உள்ளே பூவிழி தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தூக்கினால் விழித்துக்கொள்வாள், தரையில் பட்டாலும் விழித்துக்கொள்வாள், எப்படியும் விழிக்கப்போகிற பிள்ளை இருக்கிற நிமிஷமாவது தூங்கட்டும் என்று இன்பவள்ளி தூளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். மாராக்கா எதிர்ப்பக்கம் வந்து அடியில் கையைக் கொடுத்தாள். தூளியைத் தாங்க அங்கே யாருக்கும் வேலை இல்லை, இறகு தாங்கிக்கொண்டுதான் இருந்தது, இருந்தாலும் இரண்டாம் வீட்டம்மா வந்து கையைக் கொடுத்தாள், ஆறாம் வீட்டம்மா அவளுக்குப் பக்கத்திலேயே கையைக் கொடுத்தாள், எட்டாம் வீட்டுக்காரர் ஷேவிங் சோப்பு நுரையோடு வந்தார், நானும் போனேன். தூளி இடுப்புக்கு இறங்கியது, நாங்கள் கையைத் தாழ்த்தினோம். தொடைக்கு இறங்கியது, குனிந்தோம். முழங்காலுக்கு இறங்கியது, எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். குக்கர் சத்தம் வந்த வீட்டில் யாரோ ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். கடைசி ஒரு சாண் இறங்குவதற்கு ஒரு யுகம் பிடித்தது, எங்கள் விரல்கள் ஒவ்வொன்றாக அடியிலிருந்து விலகின, சேலை மடிந்து மடிந்து படிய, பூவிழியின் முதுகு மாராக்கா விரித்திருந்த பாயைத் தொட்டது.

பிள்ளை முகத்தைச் சுளித்தாள். ஒரு கையைச் சேலைக்கு வெளியே நீட்டித் துழாவினாள், பாய்க்கு அப்பால் போய் அந்தக் கை சில்லென்ற சிமெண்டுத் தரையில் பட்டது, அதன் மேல் ஐந்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று இன்பவள்ளி பக்கத்தில் சரிந்து படுத்து மெல்லத் தட்டிக் கொடுத்தாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, நாலைந்து தட்டு. பிறகு தட்டுவது நின்றது. பிள்ளை விழித்துவிட்டாளோ என்று நாங்கள் குனிந்து பார்த்தோம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வயிற்றில் கையை வைத்தபடி, வேலைக்குப் போகக் கட்டிய சேலையோடு, வாயைத் திறந்து, இன்பவள்ளியும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தெரு முனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஆறாம் வீட்டம்மா எழுப்பக் கையை நீட்டினாள், மாராக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஓவர்லாக் அக்கா எங்கீங்க மாஸ்டர்?" என்றான் டிரைவர்.

"தூங்குது," என்றேன்.

"ஒடம்புக்கு முடியலீங்களா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தூங்குது."

"சூப்பர்வைசர் கேப்பாருங்களே. எப்ப வரும்னு சொல்றது?"

"எந்திரிச்சா வரும்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன், அவன் மறுபடியும் ஹாரனில் கை வைக்கப் போனபோது அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.